அழிச்சுட்டுக் கட்டுத மருமவனுக்கு

வாரும் மருமவனே, வந்து இந்தத் திண்ணையில இரும். மடியில வச்சிருக்க பெட்டியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையும். அனல் இங்க வரைக்கும் அடிக்கு. ராத்திரி பூரா அதோட ஃபேன் போட்ட சத்தத்துல, யாரோ பம்புசெட்டை அணைக்காம விட்டுட்டான்னு நெனைச்சு ரெண்டு தடவை கிணத்துக்குப் போயிட்டு வந்தேன். காலையில உங்கம்மை வந்து, "பாவம்டே தம்பி, பிள்ளை கண்ணே மூடல, என்னமோ பில்டாம், முடியவே மாட்டேங்காம்"னு கண்ணைக் கசக்குதா. நான் வாயைத் தொறக்கல. முழிச்சிருந்தது பெட்டி மட்டுந்தான், நீரு பதினொண்ணுக்கே குறட்டை விட்டாச்சுன்னு சொன்னா அக்கா எனக்குக் காப்பி தர மாட்டா.

என்னத்தைக் கட்டுதீரு? எல்எல்விஎம்மா! சரிதான். ஆசைப்பட்டதும் பட்டீரு, பெருசாத்தான் பட்டிருக்கீரு. 2000-ல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டியில கிறிஸ் லாட்னர் தொடங்கி வச்ச கம்பைலர் சாமான் அது. இன்னைக்குக் கிளாங்கையும் சேத்து டிபக் பில்டா கட்டணும்னா டிஸ்க்ல 15-20 ஜிபி எடம் போகும்னு அவங்க கையேடே சொல்லுது. அதை நேத்து ஒரே நாள்ல எத்தனை தடவை கட்டினீரு? மூணு. ஒவ்வொரு தடவையும் எர்ரர் வந்தது. என்ன எர்ரர்னு மேல போய்ப் பாக்காம, பில்ட் ஃபோல்டரை ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போட்டு அழிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சீரு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துனவனைக் கேள்விப்பட்டிருக்கேன். கொளுத்திட்டு, அதே கட்டிலைப் புது வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போறவனை இப்பத்தான் பாக்கேன்.

முறைக்காதீரும். நானும் முப்பது வருஷம் அந்தப் பொழப்புலதான் கெடந்தேன். வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து ஆடு வளக்க ஆரம்பிக்கவும், மாமனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. எனக்கும் அது வசதியாத்தான் இருக்கு, யாரும் ஃபோன் ரிப்பேருக்குக் கூப்பிடுதது இல்ல.

"அழிச்சுட்டுக் கட்டினா சில சமயம் சரியாயிருதே மாமா"ங்கீரு. ஆகும். ஆகாதுன்னு எவன் சொன்னான்? சில சமயம் சரியாகுதுல்லா, அதுலதான் உம்மளை மாதிரி ஆளுக கெட்டுப் போறது. எதனால கெட்டுதுன்னு தெரியல, எதனால சரியாச்சுன்னும் தெரியல. அடுத்த வாரம் அதே தொல்லை ரிலீஸுக்கு மொத நாள் ராத்திரி வரும். அன்னைக்கு நீரு மறுபடி அழிப்பீரு. மறுநாள் ஆபீஸ்ல எல்லாவனும் அழிப்பான். கொஞ்ச நாள்ல, "மொதல்ல ஃபோல்டரை அழி"ங்கது அந்த டீமுக்கே குலதெய்வ மந்திரம் ஆயிரும்.

ஓய், பில்ட் டூலுக்குன்னு சொந்தப் புத்தி கெடையாது. எது எதை நம்பி இருக்குன்னு நீரு எழுதிக் குடுக்கணும். அதை வச்சுக்கிட்டு எது பழசாச்சு, எதைத் திருப்பிச் செய்யணும்னு அது கணக்குப் போடும். அம்புட்டுதான் அதோட உத்தியோகம். எழுதிக் குடுத்ததுல நீரு ஒண்ணை விட்டுட்டா, விட்டது விட்டதாவே ஓடும். நீரு சொன்ன பொய்யை அது உம்மகிட்டயே திருப்பிச் சொல்லும்; கேக்கும்போது அது டூலோட பொய் மாதிரி இருக்கும்.

இந்தச் சாமானெல்லாம் பொறந்ததே ஒருத்தரோட ஒரு காலைப்பொழுது வீணாப் போனதாலதான், தெரியுமா? 1976. பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ரூமுக்குள்ள ஸ்டீவ் ஜான்சன் திட்டிக்கிட்டே வந்தாராம். யாக் எழுதினாரே, அந்த ஜான்சன். சரியா இருக்க புரோகிராமையே காலையில இருந்து டிபக் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. தப்பைத் திருத்தியாச்சு, திருத்தின ஃபைலைக் கம்பைல் பண்ண மறந்தாச்சு, பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே மறுபடி மறுபடி லிங்க் ஆயிருக்கு. மொத நாள் சாயங்காலம் ஃபெல்ட்மனும் அதே குழியில விழுந்து எந்திச்சவருதான். அந்த வாரக் கடைசியிலேயே மேக் பொறந்துட்டு. 2003-ல ஏசிஎம் காரங்க அதுக்காக அவருக்கு விருது குடுத்தாங்க. உமக்கும் நேத்து ஒரு நாள் முழுசா வீணாச்சு. அவரு மேக் பண்ணினாரு, நீரு மூணு தடவை டீ போட்டீரு.

அந்த டேப் சமாச்சாரமும் அவரு கைங்கரியந்தான். மேக்ஃபைல்ல கமாண்டு வரி டேப்லதான் தொடங்கணும், எட்டு ஸ்பேஸ் போட்டா ஏத்துக்கிடாது. எழுதும்போது லெக்ஸுக்கு அதுதான் சுளுவா இருந்துச்சுன்னு அப்படி வச்சாராம். சில வாரம் கழிச்சு மாத்தணும்னு தோணியிருக்கு. அதுக்குள்ள ஒரு டஜன் பேரு அதை வச்சு வேலை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களைத் தொந்தரவு பண்ண மனசு வரல. டஜன் பேருக்கு எரக்கம் காட்டப் போய் அம்பது வருஷமா உலகமே அனுபவிக்கு. "மிஸ்ஸிங் செபரேட்டர், ஸ்டாப்"னு மேக் சொன்னா, எடிட்டர்ல கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாக்காதீரும். ரெண்டும் ஒரே வெள்ளையாத்தான் தெரியும். கேட் கமாண்டுல பெரிய ஏ போட்டு ஃபைலைக் கொட்டும். டேப் இருந்த எடத்துல தொப்பி வச்ச ஐ நிக்கும், ஸ்பேஸ் இருந்த எடம் காலியாக் கெடக்கும். ஒரு நிமிஷ வேலை. நான் மொத மொதப் பாத்தப்போ அரை நாள் ஆச்சு, அதை எவன்கிட்டயும் சொல்லிராதீரும்.

சரி, மேக்குக்கு எப்படித் தெரியும் எது பழசுன்னு? ரெண்டு ஃபைலோட நேரத்தைப் பாக்கும். சி ஃபைல் புதுசா, டாட் ஓ புதுசா. வேற சாஸ்திரம் ஒண்ணும் கெடையாது. அந்தக் கடியாரத்தை நம்பித்தான் அத்தனை கோடி வரியும் நிக்கு. நான் வேலை பாத்த ஒரு எடத்துல, பேரு வேண்டாம், சோர்ஸ் எல்லாம் ஒரு ஃபைல் சர்வர்ல இருக்கும், ஆப்ஜெக்ட் ஃபைல் எல்லாம் அவனவன் மெஷின் டிஸ்க்ல விழும். எனக்கு ஒரு பக். திருத்துதேன், மேக் போடுதேன், "அப் டு டேட்"ங்கு. ஓட்டுதேன், பக் அப்படியே இருக்கு. மறுபடி திருத்துதேன். ரெண்டு நாள். ஜாதகம் சரியில்லையோன்னு வரைக்கும் யோசிச்சுட்டேன். மூணாவது நாள் சும்மா ரெண்டு ஃபைலோட நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கேன்: இப்பத்தான் திருத்தின ஃபைலு, அஞ்சு நிமிஷத்துக்கு முந்தி கட்டின டாட் ஓவைவிடப் பழசா இருக்கு! சர்வர் கடியாரம் பின்தங்கி ஓடியிருக்கு. நான் பத்து மணிக்குக் கட்டி, பத்து அஞ்சுக்குத் திருத்தினா, சர்வர் அதுக்கு ஒம்பது அம்பத்தெட்டுன்னு முத்திரை குத்தும். மேக் பாவம், அதுக்குத் தெரிஞ்ச கணக்குப்படி எல்லாம் சரிதான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கேளும். கடியாரம் முந்தி ஓடினா மேக்கே சத்தம் போடும், ஃபைலோட நேரம் எதிர்காலத்துல இருக்கு, கிளாக் ஸ்கியூ, பில்ட் முழுசா இல்லாம இருக்கலாம்னு. அதை எவனும் படிக்கது இல்லங்கது வேற விஷயம். பிந்தி ஓடினா சத்தமே வராது. எதிர்காலத்துல இருந்து வந்தவனைப் பாத்தாத்தான அதுக்குச் சந்தேகம் வரும்? பழைய ஆளைப் பாத்தா "வாங்க அண்ணாச்சி"ன்னு விட்டுரும்.

காப்பி வந்துட்டு. குடியும். கருப்பட்டி கூடுதலா இருந்தா உங்கம்மைகிட்டச் சொல்லாதீரும்.

இப்ப உம்ம கதைக்கு வாறேன். நேத்து மொத தடவை என்ன சொல்லிச்சு? "தெரியல மாமா, கடைசியில பில்ட் ஸ்டாப்டுன்னு இருந்துச்சு." கடைசியில அப்படித்தான் இருக்கும் ஓய். எழவு வீட்டுல கடைசியா வந்தவனைப் பிடிச்சு எப்படிச் செத்தாருன்னு கேட்டா அவனுக்கு என்ன தெரியும்? உம்ம பெட்டியில எட்டு கோர் இருக்கு; மேக்குக்குப் பதிலா நீரு வச்சிருக்க பில்ட் டூலு நிஞ்ஜா, தானா விட்டா பத்து வேலையை ஒரே நேரத்துல ஓட்டும். ஒண்ணு விழுந்தாலும், மிச்சம் ஓடிக்கிட்டு இருக்கது முடியுத வரைக்கும் அதுக வார்னிங்கைக் கக்கிக்கிட்டே இருக்கும். மேல போகணும். "ஃபெய்ல்டு"ன்னு பெரிய எழுத்துல மொத மொத எங்க வருதோ அங்க நிக்கணும். இந்தா பாரும், நானே தேடிட்டேன்: உம்ம புது லைப்ரரியோட ஃபைலு. அதுக்குக் கீழ, "எல்எல்விஎம், ஐஆர், ஆட்ரிபியூட்ஸ் டாட் இன்க், ஃபைல் நாட் ஃபவுண்ட்."

இந்த ஃபைலை சோர்ஸ்ல போய்த் தேடுனா கெடைக்காது. இது யாரும் எழுதின ஃபைல் இல்ல, கட்டும்போதே விளையிதது. மொதல்ல டேபிள்ஜென்னு ஒரு புரோகிராமைக் கட்டணும். அது டிடி ஃபைல்களைப் படிச்சு இந்த இன்க் ஃபைல்களைக் கக்கும். அதுக்குப் பெறகுதான் உம்ம ஃபைலு அதை உள்ள இழுக்க முடியும். எது எதை நம்பி இருக்குன்னு எழுதிக் குடுக்கணும்னேனே, உம்ம சிமேக் லிஸ்ட்ல அதைச் சொல்லியிருக்கீரா? இல்ல. பக்கத்து லைப்ரரியில இருந்து காப்பியடிக்கும்போது ஒரு வரி விட்டுப் போச்சு.

"அப்போ ரெண்டாவது தடவை ஏன் மாமா அந்த எடத்தைத் தாண்டிப் போச்சு?" நல்ல கேள்வி, இன்னைக்குத்தான் மொத தடவையா நல்ல கேள்வி கேக்கீரு. தற்செயலா அன்னேரம் வேற எவனோ அதே ஃபைலைக் கேட்டிருந்தான், அவனுக்காக டேபிள்ஜென் முந்தி ஓடியிருக்கு. சமைச்சது அவனுக்கு, சாப்பிட்டது நீரு. மூணாவது தடவை அவன் பிந்திட்டான், நீரு பட்டினி. இதுல ஒரு விஷமம் இருக்கு: ஒரு தடவை கம்பைல் ஆயிட்டா, எந்தெந்த ஹெடரைத் தொட்டேன்னு கம்பைலரே நிஞ்ஜாகிட்ட எழுதிக் குடுத்துரும். அதனால அடுத்த தடவையில இருந்து எல்லாம் ஒழுங்கா நடக்கும், நோய் ஒளிஞ்சுக்கிடும். மறுபடி வெளிய வர்றது எப்போ? எவனாவது ஃபோல்டரை அழிச்சுட்டுப் புதுசாக் கட்டும்போது. அதாவது, நீரு மருந்துன்னு நெனைச்சுக் குடிச்சதுதான் அந்த நோயை எழுப்பி விட்டது.

இதை எப்படிக் கையும் களவுமாப் பிடிக்கதுன்னு சொல்லுதேன். ஃபெய்ல் ஆன அந்த ஒத்தைக் கமாண்டை அப்படியே எடுத்துத் தனியா ஓட்டும். இப்ப ஓடுதா? ஓடினா, அந்த இன்க் ஃபைலு பிந்தி வந்து சேந்துட்டுன்னு அர்த்தம். உம்ம கோடுல குத்தம் இல்ல, முறை வச்சதுல குத்தம். சந்தேகம் தீரணும்னா, பக்கத்துல இன்னொரு காலி ஃபோல்டர்ல சிமேக்கை ஓட்டி, நிஞ்ஜாகிட்ட அந்த ஒரு டாட் ஓ பேரை மட்டும் சொல்லும். வேற ஒண்ணையும் கேக்காதீரும். நீரு எழுதிக் குடுத்தது எதுவோ அதை மட்டுந்தான் அது செய்யும். விட்டுப் போனது எதுவோ அது ஒவ்வொரு தடவையும் கண்டிப்பா இடிக்கும். பத்து வேலையில ஒளிஞ்சுக்கிட்டு இருந்த கள்ளன், ஒத்தையா நிறுத்தினா முழிச்சுக்கிட்டு நிப்பான். குனு மேக் வச்சிருக்கவங்களுக்கு இன்னும் யோகம், 2022-ல வந்த 4.4-ல ஷஃபிள்னே ஒண்ணு குடுத்துட்டாங்க. வேலைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைச்சு ஓட்டும், இந்த மாதிரிக் கள்ளனுக்குன்னே.

போடும் அந்த வரியை. லைப்ரரியைச் சொல்லுத எடத்துல, டிபென்ட்ஸ்னு போட்டு இன்ட்ரின்சிக்ஸ் அண்டர்ஸ்கோர் ஜென். ஆச்சா? ரெண்டு வார்த்தை. இதுக்கு மூணு வீடு எரிஞ்சிருக்கு.

ரெண்டாவது தடவை செத்தது வேற நோவு. "எல்டி டெர்மினேட்டட் வித் சிக்னல் 9, கில்டு." இதைப் பாத்துட்டு லிங்கர்ல பக்னு நெனைச்சு லிங்கரை மாத்தினீராக்கும்? அதைக் கொன்னது கெர்னலு. டிமெஸ்கைத் தொறந்து பாரும், அவுட் ஆஃப் மெமரின்னு மரணச் சான்றிதழே எழுதி வச்சிருக்கும். டிபக் பில்டுல கிளாங், ஆப்ட், எல்எல்சின்னு ஒவ்வொண்ணையும் லிங்க் பண்ணப் பல ஜிபி மெமரி தின்னும். கம்பைல் பண்ணும்போது பத்து பேரு பந்தியில உக்காந்தது சரி, அவனவன் கொஞ்சமாத் தின்னான். லிங்க்னு வரும்போது பத்தும் பீமனா வந்து உக்காருது, உம்ம பெட்டியில இருக்கது 16 ஜிபி. எல்எல்விஎம் பேரலல் லிங்க் ஜாப்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு; அதுல ஒண்ணுன்னு போடும், இல்ல ரெண்டு. கம்பைல் பத்தா ஓடட்டும், லிங்க் மட்டும் வரிசையில வரட்டும். நிஞ்ஜாவுலதான் அது செல்லும், மேக்ல போட்டுட்டு என்கிட்ட வந்து சண்டை போடாதீரும். எல்எல்டியை லிங்கரா வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, அதுக்குப் பசியும் கம்மி, வேகமும் கூட. டிபக்கே வேணுமான்னும் ஒரு தடவை யோசியும். ரிலீஸாக் கட்டி அசெர்ஷனை மட்டும் போட்டுக்கிட்டாப் பாதி நாளைக்குப் போதும்.

இன்னொண்ணு சொன்னீரே, ஒரு ஹெடரைத் தொட்டா ஊரையே கட்டுதுன்னு. ஏன்னு அதுகிட்டக் கேட்டீரா? கேக்கலாம் ஓய், அதுக்கு வாய் இருக்கு. நிஞ்ஜாவுக்கு மைனஸ் டி போட்டு எக்ஸ்ப்ளைன்னு சொன்னா, இந்த டாட் ஓ ஏன் மறுபடி, எந்த ஃபைலு இதைவிடப் புதுசுன்னு ஒவ்வொண்ணுக்கும் வரி எழுதும். குனு மேக்குக்கு ட்ரேஸ். செய்யாம, என்ன செய்வேன்னு மட்டும் சொல்லச் சொல்லணும்னா மைனஸ் என், ரெண்டுக்கும் அதேதான். குரோமியத்துல 30,000 ஃபைலுக்கு மேல இருந்துச்சு. ஒரு ஃபைலை மாத்திட்டுக் கட்டச் சொன்னா வேலையை ஆரம்பிக்கவே பழைய டூலுக பத்து செகண்டு யோசிச்சுதுகளாம். அது பொறுக்காமத்தான் எவான் மார்ட்டின் நிஞ்ஜாவை எழுதினாரு, ஒரு செகண்டுக்குள்ள கெளம்புத மாதிரி. அந்த மனுஷன் பத்து செகண்டுக்குக் கோவிச்சுக்கிட்டாரு. நீரு ஆறு மணி நேரத்துக்குக் கோவிக்கல. சில நேரம் உம்ம பொறுமையை நெனைச்சா எனக்கே பயமா இருக்கு.

கிட்ல பிராஞ்சு மாறிட்டுத் திரும்பி வந்தீருன்னா, நடுவுல மாறின ஃபைலு எல்லாத்துக்கும் புது நேரம் விழுந்திருக்கும், உள்ள எழுத்து ஒண்ணும் மாறாட்டாலும். நிஞ்ஜாவுக்கு அது புது ஃபைலு. பிராஞ்சுக்கு ஒரு வொர்க்ட்ரீ வச்சுக்கிடும், இல்ல கம்பைல் ஆனதைச் சேத்து வைக்குத சிகேஷைப் போடும். சாம்பா எழுதின ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் கைவேலை அது. கம்பைலரை மாத்தினாலும் மாற மாட்டேங்குன்னு போன மாசம் ஃபோன்ல அழுதீருல்லா, அது சிமேக் மொத நாள் பாத்த கம்பைலரைக் கேஷ்ல எழுதி வச்சிருக்கது. பெறகு நீரு சிசியை எத்தனை தடவை எக்ஸ்போர்ட் பண்ணினாலும் திரும்பிப் பாக்காது. அதுக்கு 3.24-ல இருந்து ஃப்ரெஷ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. கேஷைத் தூக்கிட்டு மறுபடி கேள்வி கேக்கும்.

தொடப்பமே கூடாதுன்னு நான் சொல்லல. பெரிய வீட்டுக்காரங்களே வச்சிருக்காங்க. லினக்ஸ் கெர்னல்ல மேக் கிளீனுக்கு மேல எம்ஆர்ப்ராப்பர்னு ஒண்ணு இருக்கு; ஐரோப்பாவுல தரை தொடைக்கத லோஷன் பேரு அது, மிஸ்டர் ப்ராப்பர். அதைப் போட்டா உம்ம டாட் கான்ஃபிக்கும் சேந்து போயிரும், பாத்து. ஃபயர்ஃபாக்ஸ்காரங்க சோர்ஸுக்குள்ளேயே கிளாபர்னு ஒரு ஃபைலு வச்சிருக்காங்க. எப்பவாவது எல்லாரும் முழுசா அழிச்சுக் கட்டியே ஆகணும்னு வந்தா, அந்த ஃபைலைத் திருத்தி, எதனாலன்னு காரணத்தையும் அதுல எழுதுவாங்க. காரணத்தோட கூட்டுதாங்க பாத்தீரா. நீரு காரணத்தையும் சேத்துக் கூட்டித் தள்ளுதீரு.

சரி, இப்ப அழிக்காதீரும். கையை அந்த ஆர் கிட்ட இருந்து எடும். மூணாவது தடவை பாதிக்கு மேல கட்டினது அப்படியேதான் கெடக்கு. அந்த ரெண்டு வார்த்தையைச் சேத்தாச்சுல்லா, லிங்க் ஜாப்ஸையும் போட்டாச்சு. நிஞ்ஜான்னு மட்டும் அடியும். சிமேக் லிஸ்ட் மாறினது தெரிஞ்சு அதுவே சிமேக்கைக் கூப்பிட்டுக்கிடும், விட்ட எடத்துல இருந்து தொடரும். நான் ஆட்டை அவுத்து விட்டுட்டு வாறேன்.

என்ன ஓய், மணி நாலாகு, இன்னும் அதே திண்ணையிலயா? முடிஞ்சிருச்சா! எர்ரர் இல்லியா? சிரிக்காதீரும், இன்னும் ஒரு பரீட்சை பாக்கி. ஒண்ணையும் தொடாம, ஒரு எழுத்தும் மாத்தாம, மறுபடி நிஞ்ஜான்னு அடியும். இப்ப அது ஒரு ஃபைலைக்கூடக் கட்டக் கூடாது. கட்டினா, இன்னும் எங்கயோ ஒரு பொய் பாக்கி இருக்கு. எக்ஸ்ப்ளைன்கிட்டக் கேட்டுத் தேடணும். அடியும், பாப்போம்.

வந்துட்டா? படியும். சத்தமாப் படியும், உங்கம்மைக்கும் கேக்கட்டும்.

"நிஞ்ஜா: நோ வொர்க் டு டூ."

அக்கா, கேட்டியா? மூணு நாளா உம்மவனைப் பத்தி நீ தமிழ்ல சொல்லிக்கிட்டு இருக்கதை அந்தப் பெட்டி இங்கிலீஷ்ல சொல்லுது.